25 நிமிட ரசிகன்

மேற்கத்திய சாஸ்திரிய சங்கீதத்தில் எனக்கு ஞானம் உண்டு. மொத்தம் 25 நிமிடம். மாக்ஸ் புரூக் என்ற ஜெர்மானியர் இயற்றிய முதல் வயலின் கான்செர்ட்டோ, ஜி மைனர், ஓபஸ் 26. அதை வாசித்து முடிக்க ஆகிற நேரம் அது. அதற்கு முன்னாலும் எனக்கு ஒன்றும் தெரியாது, பின்னாலும் தெரியாது. ஆனால் இந்த ஒன்றை வைத்துக்கொண்டே லண்டன் ஹாரோவில் எங்கள் தமிழ் வட்டாரத்தில் பல வருஷமாக ஒரு மரியாதையை ஓட்டிக்கொண்டிருந்தேன். யாராவது பீத்தோவன், மோட்சார்ட் என்று ஆரம்பித்தால், "இருக்கலாம்... ஆனா புரூக்ல இருக்கிற அந்த உருக்கம்..." என்று இழுத்துவிட்டு பஜ்ஜித் தட்டைப் பக்கத்தில் நகர்த்திக்கொள்வேன். மேலே யாரும் கேட்டதில்லை. அவர்கள் ஞானமும் பஜ்ஜி வருகிற வரைக்கும்தான் என்று நினைக்கிறேன்.

இதை எந்தக் குருவிடமும் போய்க் கற்கவில்லை. ஓர் அலுவலகம் போன் வழியாகக் கற்றுக்கொடுத்தது. பெயர் வேண்டாம், எனக்கும் அவர்களுக்கும் இன்னும் பாக்கி இருக்கிறது. அவர்களைக் கூப்பிட்டால் முதலில் ஒரு பெண் குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று சொல்லும். முக்கியத்துவத்தை அதோடு நிறுத்திக்கொண்டு வயலினைப் போட்டுவிடுவார்கள். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டே கேட்பேன். கேட்கக் கேட்க, கட்ட வேண்டிய தொகை பற்றிய கவலை கரைந்து, இந்த உலகத்தில் எல்லாரும் எதற்காகவோ காத்துக்கொண்டுதானே இருக்கிறோம் என்கிற மாதிரி ஒரு பெரிய மனது வந்துவிடும். அந்த நேரம் பார்த்து யாராவது லைனில் வந்து பிறந்த தேதி கேட்பார்கள்.

ஒருநாள் தண்ணீர் குடிக்க வந்த மகள், "அப்பா, இது புரூக்" என்றாள். அன்றிலிருந்து அது ஹோல்டு மியூசிக் இல்லை, என் சங்கீதம்.

பெயர் தெரிந்ததும் ஆளைப் பற்றித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இவர் எங்கள் குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டியவர் என்று தோன்றிவிட்டது. பண விஷயத்தில் அப்படி ஒரு சாமர்த்தியம். 1866-இல் கோப்லென்ஸ் நகரத்தில் இந்தக் கான்செர்ட்டோவை முதன்முதலில் அரங்கேற்றினார். திருப்தி இல்லை. யோசஃப் யோவாகிம் என்ற பெரிய வித்வானிடம் கொடுத்து, அவர் சொன்ன திருத்தங்களைச் செய்து, 1868 ஜனவரியில் பிரெமனில் அவரையே வாசிக்க வைத்தார். கொடி பறந்தது. ஆனால் உரிமையை ஒரு பதிப்பாளருக்கு மொத்தமாக ஒரே தொகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அதன்பிறகு உலகமெல்லாம் வாசித்தார்கள், பதிப்பாளர் நோட்டு விற்றார், இவர் கைதட்டலைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அது போகட்டும். இன்னும் இரண்டு வயலின் கான்செர்ட்டோ எழுதினார், ஸ்காட்டிஷ் ஃபேண்டஸி எழுதினார். எவர் வந்தாலும் அந்த முதலாவதையே கேட்டார்கள். நம் பாடகர்களிடம் ஒரே பாட்டுக்காக மேடைக்குச் சீட்டு அனுப்புவார்களே, அந்த வேதனை. கடைசியில் வெறுத்துப்போய், இந்தக் கான்செர்ட்டோவை வாசிக்கக் கூடாது என்று போலீஸ் தடை உத்தரவு போட்ட மாதிரி ஒரு கேலிப் பாட்டே எழுதி வைத்தார். முதல் உலகப் போர் முடிந்து ஜெர்மனியில் பணத்துக்கு மதிப்பில்லாமல் போன சமயம், 1920-இல், கைவசம் இருந்த கையெழுத்துப் பிரதியை விற்றாவது சாப்பிடலாம் என்று சுட்ரோ சகோதரிகள் என்ற இரு அமெரிக்கப் பியானோக் கலைஞர்களிடம் கொடுத்தார். அவர்கள் அமெரிக்காவில் விற்று டாலர் அனுப்புவதாக ஏற்பாடு. அந்த அக்டோபரில் அவர் காலமானார். டாலர் வரவில்லை. குடும்பத்துக்கு வந்ததெல்லாம் மதிப்பிழந்த ஜெர்மன் நோட்டுகள். கையெழுத்துப் பிரதி இன்று நியூயார்க்கில் மார்கன் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. பணம்தான் இன்னும் வழியில் இருக்கிறது.

இதை உருக்கமாக மனைவியிடம் சொன்னேன்.

"அம்பத்தூர் கிரவுண்டை வித்துத் தரேன்னு உங்க ஒண்ணுவிட்ட தம்பி ஒரிஜினல் பத்திரத்தை வாங்கிட்டுப் போனாரே, அவருக்கு அமெரிக்காவுல அக்கா தங்கச்சி இருந்தாங்களா?" என்று கேட்டாள்.

எங்கள் மகள் பகலில் கணக்கு அலுவலகத்தில் வேலை. செவ்வாய்க்கிழமை இரவுகளில் பக்கத்துப் பேட்டையின் அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராவில் இரண்டாம் வயலின், கடைசி வரிசை. லண்டனில் இப்படிப்பட்ட ஆர்கெஸ்ட்ராக்கள் நிறைய. பல் டாக்டர், பள்ளி ஆசிரியை, ரயில்வே இன்ஜினியர் எல்லாரும் வேலை விட்டு வந்து சர்ச் ஹாலில் கூடி வாசிப்பார்கள். கச்சேரியன்று சோலோவுக்கு மட்டும் வெளியிலிருந்து தொழில்முறைக் கலைஞர் வருவார். உறுப்பினர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. அதுவாவது பரவாயில்லை. உறுப்பினர்கள் வருஷச் சந்தா கட்ட வேண்டும்.

"காசு வாங்கிக்கிட்டு வாசிக்கலாம், சும்மாவும் வாசிக்கலாம். காசு கொடுத்து வாசிக்கிறதை இங்கதான் பார்க்கிறேன்" என்றேன்.

அப்போது மாம்பலத்திலிருந்து எங்களிடம் வந்து தங்கியிருந்த என் மாமனார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலேயே சொன்னார்: "அது நம்ம ஊர்லயும் உண்டு மாப்பிள்ளை. நாம வெளிய சொல்லிக்கிறதில்லை."

மாமா வங்கியில் ஆடிட் பார்த்து ஓய்வு பெற்றவர். மார்கழி மாதத்தில் அவரை வீட்டில் பார்த்தவர்கள் கிடையாது. எந்த சபாவில் எந்தத் தூணுக்குப் பின்னால் ஒலி நன்றாகக் கேட்கும், எந்த கேன்டீனில் எந்த மணிக்கு மேல் ரவா தோசை முறுகலாக வராது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் முன்னால் என் 25 நிமிடத்தை நான் அதிகம் வெளியே எடுப்பதில்லை.

ஃபிரிட்ஜ் கதவில் மகள் ஒட்டிவைத்த கச்சேரி நோட்டீஸில் மூன்று பெயர்கள் இருந்தன. எதெல் ஸ்மைத்தின் 'தி ரெக்கர்ஸ்' ஓபராவின் ஓவர்ச்சர். ஃபிரான்ஸ் பெர்வால்டின் மூன்றாம் சிம்பொனி. கீழே, என்னவர், புரூக்.

"மேலே ரெண்டு பேர் யாரு?"

"அதெல்லாம் அபூர்வமா வாசிக்கிறது அப்பா. யாரும் போட மாட்டாங்க."

யாரும் போடாததற்குக் காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது, வாயில் வரவில்லை. நான் கணக்குப் போட்டது வேறு. பொதுவாக இந்தக் கச்சேரிகளில் முதலில் ஒரு சிறிய உருப்படி, அடுத்து கான்செர்ட்டோ, இடைவேளை, அப்புறம் பெரிய சிம்பொனி என்பது வழக்கம். இடைவேளையில் "சர்க்கரை மாத்திரை மறந்துட்டேன்" என்று சொல்லிக் கிளம்பினால், 25 நிமிடமும் கேட்ட மாதிரி, ஒன்பது மணிக்கு வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்ட மாதிரி. நோட்டீஸை மறுபடி பார்த்தேன். ஸ்மைத், பெர்வால்ட், இடைவேளை, அதற்கப்புறம் புரூக்.

"வரிசை தப்பா இருக்கே?"

"இல்லப்பா. போன கச்சேரியில இடைவேளையோட பாதி சர்ச் காலி. அதனால கமிட்டியில பேசி கான்செர்ட்டோவைக் கடைசியில தள்ளிட்டோம்."

"யாரு அப்படி எழுந்து போறது, மரியாதை இல்லாம?"

மகள் பதில் சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கசப்பு மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுப்பது நம் பாட்டிகள் வழக்கம். இந்தக் கமிட்டி பாட்டிகளையும் மிஞ்சிவிட்டது. வாழைப்பழத்தை எட்டாத உயரத்தில் தொங்கவிட்டுவிட்டு, மாத்திரை இரண்டையும் வெறும் வாயில் விழுங்கச் சொல்கிறது. எனக்கென்றே யோசித்துச் செய்த பொறி. எலியைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள்தான் நல்ல பொறி செய்ய முடியும். என் விஷயத்தில் அந்தத் தகவல் எங்கள் வீட்டிலிருந்தே போயிருக்கிறது.

டிக்கெட் வாங்கத் தயங்கினேன். மகள் வாசிக்கிறாள், அதற்கும் டிக்கெட்டா என்பது என் வாதம். மனைவி ஒரே வரியில் முடித்தாள். "2025 மார்ச்சில இளையராஜா சிம்பொனி லண்டனுக்கே வந்து வாசிச்சாங்க. டிக்கெட் விலையைப் பார்த்துட்டு, யூடியூப்ல வரும்னு சொன்னீங்க. வந்துச்சா?" நான்கு டிக்கெட் வாங்கினேன். நான்காவது எதற்கு என்று கேட்காதீர்கள். நான்கு வாங்கினால் விலையில் சலுகை. அதை நாற்காலியில் கோட்டு வைக்க உபயோகப்படுத்தலாம் என்பது என் யோசனை. போய்ப் பார்த்தால் நாற்காலியே இல்லை. சர்ச் பெஞ்சு.

அந்தப் பெஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை. மனிதன் தன் பாவங்களை நினைத்துப் பார்க்க வேண்டும் என்ற நோக்கத்தோடு விக்டோரியா காலத்தில் செய்தது. முதுகு நேராக இருந்தால் முட்டி இடிக்கும், முட்டியைக் காப்பாற்றினால் இடுப்பு போய்விடும். மாமா மங்கி குல்லா, சால்வை, ஃபிளாஸ்க் சகிதம் வந்திருந்தார். உட்கார்ந்ததும் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கேன்டீன் எந்தப் பக்கம்?" என்றார்.

"இடைவேளையில டீ, பிஸ்கட் கொடுப்பாங்க மாமா."

"பிஸ்கட்டா?" என்று கேட்டுவிட்டு சற்று நேரம் பேசாமல் இருந்தார். ஒரு நாகரிகத்தை எடைபோட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

ஓபோ வாசிக்கிறவர் எழுந்து நீளமாக ஒரு ஸ்வரம் ஊதினார். மொத்தக் கூட்டமும் அதற்குச் சுருதி சேர்த்தது. சேர்ந்ததும் ஓபோ நின்றுவிட்டது. மாமாவுக்குப் பதற்றம் ஆகிவிட்டது. "நிறுத்திட்டாரே! இனிமே சுருதியை யார் பிடிச்சுக்கிட்டு இருப்பாங்க?"

"அவங்கவங்களே ஞாபகம் வெச்சுக்குவாங்க மாமா."

"இத்தனை பேருமா?" மாமாவின் குரலில் ஆடிட்டரின் பழைய சந்தேகம் எட்டிப் பார்த்தது. வயலின்காரர்களைப் பார்த்ததும் கொஞ்சம் ஆறுதல். "பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்திலயே இந்த வாத்தியத்தை இவங்ககிட்டேருந்து வாங்கி, நாம தரையில உட்கார வெச்சுட்டோம். இவங்க இன்னும் கழுத்துல இடுக்கிக்கிட்டுக் கஷ்டப்படறாங்க பாருங்க."

முதல் மாத்திரை, ஸ்மைத். புரோகிராம் புத்தகத்தை மூக்குக் கண்ணாடிக்கு அருகில் வைத்துப் படித்துக்கொண்டே கேட்டேன். இந்த அம்மாள் 1858-இல் பிறந்தவர். ஜெர்மனிக்குப் போய் சங்கீதம் படிக்கிறேன் என்றதும், மேஜர் ஜெனரலாக இருந்த அப்பா குதித்திருக்கிறார். மகள் சண்டை போடவில்லை. சாப்பாட்டு மேஜைக்கு வர மாட்டேன், சர்ச்சுக்கு வர மாட்டேன், யாரோடும் பேச மாட்டேன் என்று அறையில் உட்கார்ந்துவிட்டாள். 1877-இல் லைப்சிக் போய்ச் சேர்ந்தாள். ஜெனரல் தோற்ற ஒரே யுத்தமாக இருக்கலாம்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு மேடையின் கடைசி வரிசையைப் பார்த்தேன். பதினேழு வயதில் இவளும் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில், மியூசிக் படிக்கட்டுமா என்று கேட்டாள். "வயலின் சரி. சோறு?" என்றேன். அறையைச் சாத்திக்கொள்ளவில்லை. அக்கவுன்டன்சி சேர்ந்தாள். ஜெனரலைவிட நான் கெட்டிக்காரன் என்று அப்போது நினைத்திருந்தேன். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் சந்தா கட்டி வாசிக்கிறாள், சனிக்கிழமை நான் டிக்கெட் வாங்கிக் கேட்கிறேன். செலவுக் கணக்கில் என் கெட்டிக்காரத்தனம் எங்கே வரவு வைக்கப்பட்டது என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

ஸ்மைத்தின் ஓபரா 1906-இல் லைப்சிக்கில் அரங்கேறியது. கார்ன்வால் கடற்கரையில் கப்பல்களைப் பாறையில் மோதவிட்டுக் கொள்ளையடிக்கிற ஒரு கிராமத்தின் கதை. நடத்துனர் இவரைக் கேட்காமல் மூன்றாம் அங்கத்தில் வெட்டிவிட்டார். திரும்பச் சேர்க்க மாட்டேன் என்றார். அம்மாள் வாக்குவாதம் பண்ணாமல் நேரே வாத்தியக்காரர்கள் உட்காரும் குழிக்குள் இறங்கி, ஸ்டாண்டு ஸ்டாண்டாக எல்லா இசை நோட்டுகளையும் வாரிக்கொண்டு பிராகுக்கு ரயிலேறிவிட்டார்.

மாமாவிடம் காதோடு சொன்னேன். "அப்ப மறுநாள் கச்சேரி?"

"இல்லை."

"சரியான பொம்பளை" என்று சால்வையைச் சரிசெய்துகொண்டார். இது அவர் பாடகி எம்.எல்.வி.க்கு மட்டும் கொடுத்து நான் கேட்டிருக்கிற பட்டம்.

1912-இல் பெண்கள் ஓட்டுரிமைப் போராட்டத்தில் மந்திரி வீட்டு ஜன்னலில் கல்லெறிந்து ஹாலோவே சிறைக்குப் போனார். உள்ளே பெண் கைதிகள் இவர் இயற்றிய போராட்டப் பாட்டைப் பாடிக்கொண்டு முற்றத்தில் நடக்க, இவர் மேலே ஜன்னல் கம்பி வழியே பல் துலக்கும் பிரஷ்ஷால் தாளம் காட்டி நடத்தினாராம். பார்க்கப் போன தாமஸ் பீச்சம் என்ற நடத்துனர் சொன்னது. பத்து வருஷம் கழித்து அரசாங்கம் அவருக்கே டேம் பட்டம் கொடுத்தது. அரசாங்கங்களுக்கும் மேஜர் ஜெனரல்களுக்கும் கொஞ்சம் நேரம் கொடுத்தால் போதும் போலிருக்கிறது.

சங்கீதம் எப்படி என்று கேட்பீர்கள். ட்ராம்போன்கள் எழும்பியபோது பெஞ்சு அதிர்ந்தது. முட்டி வலி மறந்தது. மனைவிக்குக் கதை தெரிந்ததும், "கப்பலைக் கவுத்துக் கொள்ளையடிக்கிறதையா சர்ச்சுக்குள்ள வாசிக்கிறாங்க?" என்று கேட்டாள். அந்தக் கிராமத்து ஜனங்களும் கப்பல் வரவேண்டும் என்று சர்ச்சில்தான் வேண்டிக்கொள்கிறார்கள் என்றேன். சமாதானமாகிவிட்டாள்.

இரண்டாம் மாத்திரை பெரிது. பெர்வால்டின் சிம்பொனி, சுமார் அரை மணி நேரம். ஸ்வீடன்காரர், 1796-இல் பிறந்தவர். வயிற்றுப்பாட்டுக்கு இவர் பார்த்த வேலைகளைப் படித்தபோது எனக்கே மூச்சு வாங்கியது. 1835-இல் பெர்லினில் எலும்பு, முதுகு வளைவுகளைச் சரிசெய்யும் ஒரு சிகிச்சை நிலையம் ஆரம்பித்து, நன்றாகவே நடத்தியிருக்கிறார்.

"முட்டிக்கும் பார்ப்பாரா?" என்றார் மாமா. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்கும்போது யாருக்கும் சிரிப்பு வராது.

பின்னால் ஸ்வீடனுக்குத் திரும்பி வடக்கே ஒரு கண்ணாடித் தொழிற்சாலைக்கு மேனேஜர். இதற்கு நடுவில் நான்கு சிம்பொனி. அவர் உயிரோடிருந்தபோது அதில் ஒன்றுதான் மேடையேறியது; அதையும் யாரும் கொண்டாடவில்லை. இன்று எங்களுக்கு வாசித்த மூன்றாவதை அவர் எழுதி முடித்தது 1845-இல். முதன்முதலாக ஓர் ஆர்கெஸ்ட்ரா அதை வாசித்தது 1905-இல். 60 வருஷம். என்னைப் போன் லைனில் காக்க வைத்தவர்கள்கூட அவ்வளவு போனதில்லை. அவர் இறந்தது 1868 ஏப்ரலில். அதாவது, புரூக்கின் கான்செர்ட்டோ பிரெமனில் கொடிகட்டிப் பறக்கத் தொடங்கி மூன்றே மாதத்தில். ஒருவருக்கு அந்த வருஷம் எல்லாரும் கேட்க ஆரம்பித்தார்கள், நிறுத்தவே இல்லை. இன்னொருவர் யாரும் கேட்காமலேயே லைனை வைத்துவிட்டார். இந்தத் தேதிகள் இரண்டும் புரோகிராமில் வேறு வேறு பக்கத்தில் இருந்தன. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சிம்பொனி என்றால் நான்கு பகுதி இருக்கும், நடுவில் கைதட்டக் கூடாது, நான்காவது முடிந்து நடத்துனர் கையை இறக்கினால் தட்டலாம் என்று மகள் பாடம் எடுத்திருந்தாள். நான் மடியில் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். முதல் பகுதி முடிந்தது. இரண்டாவது, நிதானமானது. அதில் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தேன். (மனைவி இதற்கு வேறு வினைச்சொல் உபயோகிக்கிறாள்.) திடீரென்று ஒரே துள்ளல். விழித்து, மூன்றாவது வந்துவிட்டது என்று விரலை மடக்கினேன். கொஞ்ச நேரத்தில் துள்ளல் அடங்கி, பழைய நிதானமே திரும்ப வந்தது. மடக்கிய விரலை நீட்டுவதா, வேண்டாமா? பெர்வால்ட் மெதுவான பகுதியின் வயிற்றுக்குள்ளேயே வேகமான பகுதியைச் செருகி வைத்திருக்கிறார். ஆகமொத்தம் மூன்றுதான்.

நான் கணக்கில் தவித்துக்கொண்டிருந்த அந்த இடத்தில், அந்த நிதானம் திரும்புகிற கணத்தில், சர்ச் முழுவதும் கேட்கும்படி "பேஷ்!" என்று ஒரு குரல். மாமா.

முன் பெஞ்சில் இருந்த வெள்ளைக்காரப் பாட்டி திரும்பிப் பார்த்தார். நான் வழக்கம்போல் வேறு யாரோ மாதிரி கூரையைப் பார்த்தேன். மாமா எதையும் கவனிக்கவில்லை. தொடையில் தாளம் போட்டபடி, "விளம்பத்துக்குள்ளயே துரிதத்தை வெச்சுத் தெச்சு, தையல் தெரியாமத் திருப்பிக் கொண்டுவந்துட்டான் பாருங்க. இந்த ஆளையா அறுபது வருஷம் போடாம வெச்சிருந்தாங்க?" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சிம்பொனி கேட்கிறவர். நான் பல வருஷப் புரூக் ரசிகன், விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இடைவேளை. பாதி சர்ச் காலியாகவில்லை. கமிட்டியின் பொறி வேலை செய்தது. காலி செய்து போனவர்கள் ட்ராம்போன்காரர்கள் மட்டும்தான். புரூக் தன் கான்செர்ட்டோவில் ட்ராம்போன் வைக்கவில்லை. வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, ஸ்கார்ஃபைச் சுற்றிக்கொண்டு, எல்லாரையும் பார்த்துக் கையாட்டிவிட்டு அவர்கள் போன அழகை நான் பொறாமையோடு பார்த்தேன். நான் போட்ட திட்டம் அது. மாமா டீயில் பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டார். முன் பெஞ்சுப் பாட்டி வந்து, நீங்கள் சங்கீத வித்வானா என்று அவரிடம் விசாரித்தார். "நோ, நோ. லிசனர். சிக்ஸ்டி இயர்ஸ்" என்றார் மாமா, ஏதோ பதவியைச் சொல்கிற மாதிரி. இரண்டு பேரும் பெர்வால்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ரேஃபிள் சீட்டு வாங்கினேன். எதுவும் விழவில்லை.

பிறகு என் 25 நிமிடம்.

டிம்பனி என்ற பெரிய முரசு மிக மெல்லிய உருட்டலோடு ஆரம்பித்தது. காற்று வாத்தியங்கள் இரண்டு வார்த்தை பேசின. சோலோ வாசிக்க வந்த பெண் தனியாக, கீழே இருந்து மேலே ஒரு கோடு இழுத்தாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, மாமாவைப் பார்த்து, "இதுதான்" என்று தலையசைத்தேன். உண்மையைச் சொன்னால் இதை நான் கேட்டதே இல்லை. போனில் வருவது இரண்டாம் பகுதி. முதல் பகுதியை புரூக்கே முன்னுரை என்றுதான் குறித்திருக்கிறார். இதைக் கான்செர்ட்டோ என்று சொல்லலாமா, ஃபேண்டஸி என்று பெயர் வைக்கலாமா என்று யோவாகிமிடம் கேட்டிருக்கிறார். முன்னுரைதானே, முடியட்டும் என்று காத்திருந்தேன். அது முடியவில்லை. ஒரே ஸ்வரத்தில் இழுத்து, இடைவெளி விடாமல், அப்படியே இரண்டாவதில் இறங்கியது.

இது என்னுடையது. இதில் ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும். என்ன, போன் ஸ்பீக்கரில் இது ஒற்றை இழையாக வரும். இங்கே அடியில் செல்லோக்களும் கொம்புகளும் தாங்கிக்கொண்டிருந்தன, அப்படி ஒரு தரை இதற்கு இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. கண்ணை மூடினேன். வயலின் ஏறி, ஏறி, அந்த ஓர் இடத்துக்கு வந்தது. வழக்கமாக அந்த இடத்தில் இசை வெட்டுப்பட்டு, பெண் குரல் வரும்; இல்லாவிட்டால் ஆள் வருவார். என் உதடு தானாக அசைந்தது.

"யார்கிட்ட பேசறீங்க?" என்றாள் மனைவி, முழங்கையால் இடித்து.

பிறந்த தேதியையும் தபால் எண்ணையும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

யாரும் லைனில் வரவில்லை. வயலின் அந்த இடத்தைத் தாண்டி மேலே போனது. நான் ஒருநாளும் போகாத தெரு. அங்கே இன்னொரு பாட்டு இருந்தது. அது மொத்த ஆர்கெஸ்ட்ராவுக்கும் பரவி, பெரிதாகி, திரும்ப ஒற்றை வயலினுக்கு வந்து அடங்கியது. அதற்கு மேல் மூன்றாம் பகுதி என்று ஒன்று, ஹங்கேரி நாட்டு நடன வேகத்தில், இரண்டிரண்டு தந்தியாகப் பிடித்து, பொறி பறக்க. இதையும் என் பெயரில் இத்தனை வருஷம் பஜ்ஜிக்கு அடகு வைத்திருந்திருக்கிறேன். மனதுக்குள் அவசரமாகக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். என் கைவசம் இருந்தது நான்கு நிமிடம். மிச்சம் 21 நிமிடம், பெர்வால்ட் எவ்வளவு அபூர்வமோ அவ்வளவு அபூர்வம்.

கைதட்டல் ஓய்வதற்குள் மாமா என் பக்கம் சாய்ந்தார். "நல்லா இருந்தது மாப்பிள்ளை, உங்க பாட்டு. கடைசியில எல்லாம் ஏதோ புதுசாக் கேட்கிற மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டீங்களே, அதுதான் ரசிகத்தனம்." ஆடிட்டர்கள் ஓய்வு பெறுவதே இல்லை.

கச்சேரி முடிந்ததும் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தால், அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராவைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது. மேடை நாற்காலி மடக்க வேண்டும். ஸ்டாண்டு அடுக்க வேண்டும். ஞாயிறு காலைப் பூசைக்கு இடம் வேண்டும். மகள், "அப்பா, ஒரு கை" என்றாள். கை கொடுத்தேன். கை கொடுத்த இடம் டிம்பனி. இரண்டு டிம்பனி, பெரியது 29 அங்குல வாய், செம்பு. சர்ச்சில் அவற்றை வைக்கிற பின்னறையில் மராமத்து வேலை ஆரம்பிக்கிறதாம், சில மாதத்துக்கு வேறு இடம் பார்க்க வேண்டுமாம். கமிட்டித் தலைவி கவலையோடு நின்றிருந்தார். நான் அனுதாபமாகத் தலையாட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது.

"நம்ம கராஜ் இருக்கே" என்றாள் மகள்.

"கராஜில் கார் இருக்கிறது" என்று நான் ஆங்கிலத்தில், எல்லாருக்கும் புரியும்படி சொன்னேன்.

"காரைத் தெருவுல விடலாம். பெர்மிட் வாங்கினாப் போச்சு" என்றாள் மனைவி, அதைவிடத் தெளிவான ஆங்கிலத்தில். மாமாவுக்கு ஆங்கிலமே தேவைப்படவில்லை, அவர் ஏற்கெனவே பெரிய டிம்பனியின் விளிம்பைத் தட்டி, காலால் பெடலை மிதித்தால் சுருதி ஏறி இறங்குவதைக் கண்டுபிடித்து, "மிருதங்கத்துக்கு இது ஒண்ணு இருந்திருந்தா..." என்று ஆரம்பித்திருந்தார்.

இப்போது கார் தெருவில் நனைகிறது. பெர்மிட் பணம் கட்டியாகிவிட்டது. டிம்பனி மீது அரிசி மூட்டை வைக்கக் கூடாது, வடாம் உலர்த்தக் கூடாது என்று மகள் எழுதி ஒட்டியிருக்கிறாள். மாமா ஊருக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்டுவிட்டார். அடுத்த கச்சேரி நோட்டீஸ் ஃபிரிட்ஜில் ஏறியிருக்கிறது. மூன்று பெயர்கள், மூன்றும் நான் கேள்விப்படாதவை. புரூக் மாதிரி ஒருவரும் இல்லையா என்று மகளிடம் கேட்டேன். இந்தத் தடவை கூட்டத்துக்காக யோசிக்கவில்லை அப்பா, என்கிறாள். எனக்காக யோசிக்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. டிம்பனி வந்து சேராமல் கச்சேரி ஆரம்பிக்காது. அதைக் காரின் பின் இருக்கையை மடக்கி ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போக வேண்டியவன் நான். முடிந்ததும் திரும்ப ஏற்றிக்கொண்டு வர வேண்டியவனும் நான்தான் என்பதால், இடைவேளையில் சர்க்கரை மாத்திரை மறந்துபோக எனக்கு இனி வழியில்லை.